மூளைக்குத் தனிக் கம்பி

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். எங்கள் கல்லூரி திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருந்தது. போட்டி கோயம்புத்தூரில். தரையில் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் பந்துகளை ரோபோ தானாகவே தேடிப் போய், கையால் அள்ளித் தூக்கி, தன் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு அணியின் ரோபோவும் அதே பந்துகளுக்காக ஓடும். இரண்டு நிமிடம் முடிந்ததும் யார் பெட்டியில் பந்து அதிகமோ அவர்களுக்கு வெற்றி.

வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அலுமினியச் சட்டம், சக்கரம், கை எல்லாம் வேடசந்தூர்க்காரி. அவள் அப்பா நூல் மில் பஸ் ஓட்டுகிறவர். ஸ்பேனர் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புரோகிராம் பேகம்பூர்க்காரி. அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா, வீட்டின் முன்னறையில் தோல் பெல்ட்டும் பை வார்களும் தைத்து விற்றுவந்தார். ஒயரிங் முழுக்க நான். பேட்டரியிலிருந்து மோட்டார் வரை ஒவ்வொரு கம்பியும் நான் வெட்டியது, நான் பற்றவைத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் செய்த வேலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரோபோ ஓடியது. பந்தைப் பார்த்தது, பக்கத்தில் போனது, அள்ளியது. கையைத் தூக்கும்போது மட்டும் சில நேரம் அப்படியே உயிர் போனதுபோல் நின்றுவிடும். விளக்கெல்லாம் அணைந்து, அதன் மூளையாக இருந்த சின்னக் கம்ப்யூட்டர் பலகை முதலிலிருந்து கண் விழிக்கும். அதற்கு முக்கால் நிமிடம் ஆகும். இரண்டு நிமிடப் போட்டியில் முக்கால் நிமிடம் தூங்கினால் கதை முடிந்தது.

"புரோகிராம்ல எங்கயோ மாட்டிக்குது" என்று நான்தான் முதலில் சொன்னேன்.

பேகம்பூர்க்காரி மறுக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் முழுப் புரோகிராமையும் வரி வரியாகப் படித்துவிட்டு வந்தாள். சில இடங்களை மாற்றி எழுதினாள். மறுநாளும் ரோபோ நின்றது. மறுபடி எழுதினாள். அப்படியே பத்து நாள் போனது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு ஆறிக் காய்ந்துபோகும்.

ஒருநாள் அவள் என்னிடம் கேட்டாள்.

"ஒரு பந்து இருந்தா கை தூக்குது. நாலு பந்து சேந்தா செத்துப்போகுது. கையில எத்தன பந்து கெடக்குன்னு என் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாதுடி. அப்பறம் எப்படி அதுல கோளாறு இருக்கும்?"

இப்போது யோசித்தால் அந்த ஒரு கேள்வியிலேயே முழு விடையும் இருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒயரிங்கெல்லாம் நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையில் நான் பார்த்தது கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும்தான்.

பொறுப்பாசிரியர் வந்து பார்த்தார். அவர் முன்னாலும் ரோபோ நின்றது. "புரோகிராம் யாரும்மா?" என்று கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் புரோகிராமை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருக்கும் நாட்களைக் கணக்குப் பார்த்துச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பென் டிரைவை எடுத்து, புரோகிராமை அதில் ஏற்றி, எந்த வரி எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஆரம்பித்தாள். அடுத்து எடுத்துச் செய்யப்போகும் பையன் தடுமாறக் கூடாதாம். அதைப் பார்த்த பிறகும் என் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் தொழுகை நேரத்தில் வெளியே போயிருந்தாள். நான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒயரிங் சரியாக இருக்கிறது என்று சாருக்குக் காட்ட வேண்டும், அதற்காகத்தான். மூளைப் பலகைக்குப் போகும் இரண்டு கம்பிகளின் மேல் மீட்டரின் முனைகளை வைத்தேன். ஐந்து வோல்ட் காட்டியது. "பாத்தியா, அஞ்சு வருது" என்று வேடசந்தூர்க்காரியிடம் காட்டினேன்.

"சும்மா நிக்கிறப்ப வரும். கைய தூக்க விட்டுப் பாப்போமா?" என்றாள் அவள். ரோபோவின் கையை மேலே எழவிடாமல் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் தூக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மோட்டார் முனகியது. மீட்டரில் ஐந்து நான்கே முக்கால் ஆனது. நாலரை ஆனது. அதற்குக் கீழேயும் இறங்கியது. விளக்கெல்லாம் அணைந்தது.

அவள் கையை எடுத்தாள். மறுபடி ஒருமுறை செய்து பார்த்தோம். மறுபடியும் அதேதான்.

நான் செய்திருந்தது இதுதான். மோட்டார்களை ஓட்டுகிற பலகையிலேயே ஐந்து வோல்ட் தரும் ஒரு முனை இருந்தது. தனியாக இன்னொரு கருவி எதற்கு என்று அந்த முனையிலிருந்தே மூளைக்கும் ஒரு கம்பி இழுத்துவிட்டேன். பாரமில்லாதபோது போதுமானதாக இருந்தது. நாலு பந்தைத் தூக்க மோட்டார் மூச்சைப் பிடித்து மின்சாரத்தை உறிஞ்சும்போது மூளைக்கு வரவேண்டியது குறைந்து, அது மயங்கி விழுந்துகொண்டிருந்தது. பத்து நாளாக அவள் தேடியது அவள் பக்கம் இல்லவே இல்லை.

"அவ வந்ததும் சொல்லணும்ல?" என்றாள் வேடசந்தூர்க்காரி. அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. வழி கேட்பதுபோல்தான் கேட்டாள்.

பேகம்பூர்க்காரி வந்தபோது நான் எழுந்து நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மீட்டரை அவள் கையில் கொடுத்து, அதே சோதனையை அவளே பார்க்கும்படி செய்தேன். எண் இறங்குவதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒன் புரோகிராம் இல்ல. என் ஒயரிங்தான்" என்றேன். "பத்து நாளா நான்தான் ஒன்ன..."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு பெரிதாக மூச்சை விட்டாள்.

"யா அல்லா! நான் முட்டாள் இல்லன்னு இப்பத்தான்டி தெரியுது" என்றாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. "சரி விடு. இதுக்கு என்ன செய்யணும், அத சொல்லு."

"மொதல்ல சார்ட்ட போகணும்."

"போய், ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சோம்னு சொல்லிருவோம். அது போதும்."

எனக்கு வெளியே போக அவள் திறந்து வைத்த கதவு அது. அதன் வழியாகப் போயிருந்தால் அவள் கடைசிவரை வாய் திறந்திருக்க மாட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. சாரின் அறைக்குத் தனியாகவே போனேன். தவறு என்னுடையது, அவள் முதலிலேயே சரியான கேள்வியைக் கேட்டாள், நான் கேட்கவில்லை என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மீட்டர் வச்சுப் பாத்தியா? எம்புட்டு எறங்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து என்னோடு ஆய்வகத்துக்கு வந்தார். தானும் ஒருமுறை பார்த்தார். பிறகு பேகம்பூர்க்காரியின் பக்கம் திரும்பி, நாங்களும் இன்னும் நாலைந்து மாணவர்களும் நிற்கும்போதே, "நான் அவசரப்பட்டுட்டேம்மா. கேட்டுட்டுப் பேசியிருக்கணும். மனசுல வச்சுக்காத" என்றார். ஒரு ஆசிரியர் மாணவியிடம் அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே "பரவால்ல சார், பரவால்ல சார்" என்று நாலு தடவை சொன்னாள்.

பவர் ரெகுலேட்டர் ஒன்று வேண்டும் என்று முடிவானது. பேட்டரி எப்படி ஏறி இறங்கினாலும் தன் பக்கத்தில் ஐந்து வோல்ட்டை மாறாமல் தரும் சின்னப் பலகை அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சார் மதுரையில் தெரிந்த கடைக்குப் போன் போட்டு, மறுநாள் வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி பூட்டியிருக்கும். பேகம்பூர்க்காரி தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து, அந்த உடுப்போடேயே நான் டவுன் பஸ் ஏறி அங்கே போனேன். வேடசந்தூர்க்காரி எனக்கு முன்பே வந்து ரோபோவை முன்னறையில் இறக்கி வைத்திருந்தாள். தோல் வாசனையும் பசை வாசனையும் அடிக்கும் அறை. அவள் அத்தா தன் தையல் மிஷினை ஓரமாக நகர்த்தி மேசையை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

"இது என்னம்மா, இத்தினிக்கூண்டு சாமான்?" என்று ரெகுலேட்டரைப் பார்த்துக் கேட்டார்.

"மூளைக்குத் தனியா சோறு போடுறது அத்தா. இம்புட்டு நாளும் மோட்டார் தின்ன மிச்சத்த அதுக்குக் குடுத்துட்டு இருந்தோம்" என்றாள் அவர் மகள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய ஆறுதல்.

ரெகுலேட்டரை நேராக மூளையில் மாட்டிவிடக் கூடாது. கடையிலிருந்து வரும்போது அது எத்தனை வோல்ட் தரும் என்று சொல்ல முடியாது. முதலில் பேட்டரியை மட்டும் மாட்டி மீட்டரை வைத்தோம். ஒன்பதுக்கு மேல் காட்டியது. அப்படியே மாட்டியிருந்தால் மூளை அங்கேயே கருகியிருக்கும். பலகையின் ஓரத்தில் பித்தளையில் ஒரு சின்னத் திருகு இருக்கும்; அதைத் திருப்பித்தான் அளவைக் குறைக்க வேண்டும். திருப்பினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. எண் அசையவே இல்லை.

"கெட்டுப்போனத குடுத்துட்டானோ?" என்றாள் வேடசந்தூர்க்காரி.

"பொறு. திருப்பிட்டே இரு" என்றாள் பேகம்பூர்க்காரி. அவள்தான் மீட்டரின் முனைகளைப் பிடித்திருந்தாள். கை ஆடாமல் அப்படியே பிடித்திருந்தாள். பத்தாவது சுற்றைத் தாண்டிய பிறகு எண் மெல்ல இறங்க ஆரம்பித்தது. எட்டு, ஏழு, ஆறு. ஐந்துக்குப் பக்கத்தில் வந்ததும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஐந்துக்கு மேல் ஒரு துளி இருக்கும்படி நிறுத்தி, திருகு அசையாமலிருக்க அதன் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தோம். அது அவள் அம்மாவின் மருதாணிப் பெட்டியில் கிடந்த பழைய சீசா.

பாரம் கொடுத்தும் பார்க்க வேண்டும். அத்தா தன் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய ஹெட்லைட் பல்பைத் தேடிக் கொண்டுவந்தார். இரண்டு இழையில் ஒன்று அறுந்திருந்தது, மற்றது நன்றாக இருந்தது. அதை ரெகுலேட்டரில் மாட்டினோம். மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கால் மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புதான். எண் இறங்கவில்லை.

அடுத்தது அதைப் பொருத்தும் இடம். மோட்டாருக்குப் பக்கத்தில் வேண்டாம், மூளைக்குப் பக்கத்தில் வேண்டும், காற்றும் படவேண்டும் என்று பின்பக்க மூலையைத் தேர்ந்தெடுத்தோம். அப்போதுதான் நினைவு வந்தது: சட்டம் அலுமினியம். ரெகுலேட்டரின் அடிப்பக்கமெல்லாம் ஈயப் புள்ளிகள். உலோகத்தில் பட்டால் பொறி பறக்கும். இடையில் வைக்கும் பிளாஸ்டிக் குமிழ்களை வாங்க மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்?

அத்தா எழுந்து போய், செருப்புக்கு அடியில் வைக்கும் தடித்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு கொண்டுவந்தார். "இதுல கரண்டு போவாதுல்ல?" என்று கேட்டார். ரெகுலேட்டரை அதன் மேல் வைத்து, பென்சிலால் நான்கு துளையையும் குறித்துக்கொண்டார். பெல்ட்டில் ஓட்டை போடும் உளியை வைத்து ஒரே தட்டு, ஒரே தட்டு என்று நான்கு தட்டு. துளைகள் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின. அதோடு விடவில்லை. பேட்டரியை நாங்கள் பிளாஸ்டிக் டேப்பால் கட்டியிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அளவெடுத்து, பக்கிளோடு ஒரு சின்னத் தோல் வார் தைத்துக் கொடுத்தார். பத்து நிமிட வேலை அவருக்கு.

பேட்டரியின் மெயின் சுவிட்சிலிருந்து மோட்டார்களுக்கு ஒரு பாதை, ரெகுலேட்டருக்குத் தனியாக இன்னொரு பாதை. அந்தப் பாதையில் அதற்கென்று ஒரு ஃபியூஸ். சிவப்பு, கறுப்பு இரண்டையும் முறுக்கிக் குட்டையாக இழுத்தேன். ஒவ்வொரு கம்பியையும் மாட்டும் முன் நான் சத்தமாகச் சொன்னேன், பேகம்பூர்க்காரி பார்த்து "சரி" என்றாள். அவள் சரி சொல்லாமல் ஒன்றையும் மாட்டவில்லை. திருகில் போகும் கம்பி நுனிகளில் பிசிறு வராமலிருக்க ஈயம் பூசி, திருகை முறுக்கினேன். அது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டோம். மூளை விழித்தது. ரோபோவின் கையில் நான்கு பந்து இருந்தது. வேடசந்தூர்க்காரி பக்கத்தில் கிடந்த தோல் துண்டுகளையும் அள்ளி அதில் போட்டாள். கை முனகிக்கொண்டே மேலே போனது. விளக்கு அணையவில்லை. பேகம்பூர்க்காரியின் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, எந்திரிச்சிருச்சா?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் "ஆமா" என்று கத்தினோம். அன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்ட தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

போட்டிக்குப் பேருந்தில் போனோம். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போகும் பேருந்து. ரோபோவைப் போர்வையில் சுற்றி, மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டோம். பின் சீட்டுதான் கிடைத்தது. வழியெல்லாம் குலுக்கல்.

காலைப் பரிசோதனையில் நடுவர் பேட்டரி வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "யாரு தைச்சது?" என்று கேட்டார். சொன்னோம். தலையாட்டி முத்திரை குத்தினார்.

முதல் ஆட்டம். எங்கள் ரோபோ நன்றாகப் போனது. நான்கு பந்தை அள்ளி, தூக்கி, பெட்டியில் போட்டது. எதிர் ரோபோ வந்து ஒருமுறை பலமாக மோதியது. அந்த இடத்திலேயே எங்களுடையது உயிரை விட்டது. மறுபடி விழிக்கவே இல்லை. மீதி ஒன்றரை நிமிடமும் அது நடு மைதானத்தில் பெட்டி மாதிரி கிடந்தது. நாங்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தோற்றோம். இன்னொன்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேசைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ரெகுலேட்டரின் விளக்கு எரியவில்லை. உள்ளே போகும் சிவப்புக் கம்பியை விரலால் தொட்டேன். எரிந்தது. விட்டேன். அணைந்தது. நான் ஈயம் பூசி முறுக்கிய நுனி, திருகுக்கு அடியில் நசுங்கித் தளர்ந்திருந்தது. இந்தத் தடவையும் நான்தான்.

"என் தப்புதான்" என்றேன்.

"இருக்கட்டும். இந்தத் தடவ பத்து நிமிசத்துல சொல்லிட்டல்ல" என்றாள் பேகம்பூர்க்காரி.

பக்கத்து மேசையில் ஈரோட்டுப் பக்கத்து அணி ஒன்று இருந்தது. மூன்று பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண் எங்கள் மேசையின் ஓரத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நுனியில ஈயம் வெச்சுத்தான முறுக்கியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அது அப்படித்தானுங்க. ஈயம் மெது. முறுக்கறப்ப நல்லா பிடிக்கும், குலுங்கக் குலுங்க நசுங்கி லூசாயிரும். போன வருசம் எங்களுக்கும் இதேதான் ஆச்சுங்க. செத்த இருங்க."

தன் மேசைக்குப் போய் ஒரு டப்பாவும், இடுக்கி மாதிரி ஒரு கருவியும் எடுத்துவந்தாள். டப்பாவில் பிளாஸ்டிக் தொப்பி போட்ட குட்டிக் குட்டிச் செம்புக் குழாய்கள். கம்பியின் நுனியை அதற்குள் விட்டு இடுக்கியால் ஓர் அழுத்து அழுத்தினால் குழாயும் கம்பியும் ஒன்றாகிவிடும். பிறகு அதைத் திருகில் வைத்து முறுக்கினால் அசையாது. ஈயம் பட்ட இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு முதல் நுனியை அவளே செய்துகாட்டினாள். இழுத்துப் பாருங்கள் என்றாள். இழுத்தேன். வரவில்லை.

"மொத்தம் எத்தன நுனி இருக்குதுங்க?"

"எட்டு."

"எட்டையும் மாத்திருவோமுங்க. ஒண்ணு போனா மத்ததும் பின்னாடியே போயிரும்."

நாலு முடிந்திருக்கும். அவள் அணிப் பையன் ஒருவன் ஓடிவந்தான். "அடுத்த மேட்ச் லிஸ்ட் ஒட்டீட்டாங்க" என்று சொல்லிவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தான். "இவங்களும் நம்மளுந்தான்."

கம்பியை அவள் கையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டேன். "பரவால்லங்க, மிச்சத்த நாங்க..." என்று தயங்கினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புரியாதவள்போல் பார்த்தாள்.

"எதுக்குங்க? இன்னும் நாலு இருக்குதல்லங்க. கொண்டாங்க."

பையன், "நம்ம ரோபோவுக்கு பேட்டரி மாத்தோணும்" என்றான்.

"நீ மாத்து. நான் வாரேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். மீதி நாலையும் அழுத்தினாள். ஒவ்வொன்றையும் தானே இழுத்துப் பார்த்தாள். கடைசியாக ரெகுலேட்டரின் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, ரோபோவை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் பொத்தென்று வைத்தாள். விளக்கு அணையவில்லை. "ஆகட்டுமுங்க, பாக்கலாம்" என்று கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஆட்டத்தில் அவர்களுடைய ரோபோ எங்களுடையதை மூன்று முறை இடித்தது. இடிக்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேடசந்தூர்க்காரி என் தோளைப் பிடித்து உலுக்கி, "தெறந்து பாருடி, ஓடுது" என்றாள். ஓடியது. கடைசி நொடிகளில் இரண்டு பந்தைத் தூக்கிப் போட்டது. ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம். அவர்களுக்கு அது இரண்டாவது தோல்வி. போட்டியிலிருந்து வெளியே போனார்கள்.

கைகுலுக்கும்போது எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவள் குனிந்து எங்கள் ரோபோவின் பின்பக்க மூலையைத்தான் பார்த்தாள்.

"கழண்டுச்சுங்களா?"

"இல்லங்க. ஒண்ணுகூட கழறல."

"அப்ப நல்லாத்தான் அழுத்தியிருக்கறேன்" என்றாள். முகத்தில் வருத்தம் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு திருப்தியும் இருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த சுற்றில் எங்களைவிட எல்லா விதத்திலும் நல்ல ரோபோ ஒன்றிடம் நேர்மையாகத் தோற்றோம். பைகளைக் கட்டி முடித்துவிட்டு அவளைத் தேடிப் போனபோது அவர்கள் மேசை காலியாக இருந்தது. நன்றி என்ற சொல்லை அவளிடம் சொன்னேனா என்றே எனக்கு உறுதியாக நினைவில்லை. பேரையும் கேட்கவில்லை, போன் நம்பரையும் வாங்கவில்லை. பேருந்தில் அது என்னை அரித்துக்கொண்டே வந்தது.

மறு வருடம் நான்காம் ஆண்டில் மறுபடி போனோம். அதே மூன்று பேர். பொறுப்பாசிரியரும் கூட வந்தார். அந்த ஈரோட்டு அணியின் மேசையைத் தேடிப் பிடித்தேன். பையன்களில் ஒருவன் மட்டும் பழையவன். அந்தப் பெண் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள் என்றான். என் முகம் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"பேசறீங்களாங்க?" என்று கேட்டு அவளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான்.

அரங்கம் முழுக்க இரைச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "நான் திண்டுக்கல்லுங்க. போன வருசம் எங்க ரோபோவுக்கு எட்டு நுனி..." என்று ஆரம்பித்தேன்.

"அட, ரெகுலேட்டருங்களா!" என்று கத்தினாள் அவள். "இந்த வருசமும் வந்திருக்கீங்களா? ஆரு ஒயரிங்?"

"நான்தாங்க. அன்னைக்கு உங்ககிட்ட நன்றிகூட ஒழுங்கா சொல்லல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க செஞ்சது ரொம்பப் பெருசுங்க."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"நான் மறந்தே போயிட்டனுங்க" என்றாள் அவள். "ஆனா நீங்க சொன்னதுக்கு சந்தோசமா இருக்குது. இங்க கம்பெனி லைன்ல புதுசா சேந்து ஒரு மாசமாச்சு, இன்னைக்குக் காலையிலதான் ஒரு தப்புப் பண்ணி வாங்கிக் கட்டீட்டு உக்காந்திருக்கறேன். நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க."

என்ன தப்பு என்று கேட்டேன். அவள் விவரமாகச் சொன்னாள். நான் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பரிசோதனைக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது, பேகம்பூர்க்காரி தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, நீ பேசு என்று கையைக் காட்டிவிட்டு, ரோபோவைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.